பொசிட்டிவ் என்று சொன்னார்கள்

வாப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் பஸ்ஸிலிருந்து வந்தது. கல்முனையிலிருந்து கொழும்புக்குத் தனியார் பஸ் ஓட்டி, கண்பார்வை குறைந்த பிறகுதான் வீட்டில் இருந்தார். கியர், கிளச், ஹோர்ன் என்பவற்றோடு பொசிட்டிவ் என்ற சொல்லும் அவருக்கு அங்கேதான் கிடைத்தது. பற்றரியில் சிவப்பு வயர் கொளுவும் பக்கம் பொசிட்டிவ். மாற்றிக் கொளுவினால் புகை வரும். உம்மாவுக்கு அந்தச் சொல் இரத்தத்தோடு சம்பந்தப்பட்டது. தம்பியைப் பெற்றபோது இரத்தப்போக்கு நிற்காமல், அவவுக்கு ஓ பொசிட்டிவ் இரத்தம் தேடி ஆட்கள் ஓடினார்களாம். அன்றிலிருந்து யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், "அது என்ட ரத்தம்" என்பா.

நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை, நல்லதை நினைத்தல், நம்பிக்கையோடு இருத்தல் என்று சொல்லிக்கொடுப்பேன். அதிபர் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்து, பொசிட்டிவாக இருங்கள் என்று எழுதிய பெரிய படமொன்றை வகுப்பறைச் சுவரில் ஒட்டவைத்தார். அதில் ஒரு சூரியகாந்திப் பூ சிரித்துக்கொண்டிருக்கும்.

கொரோனாவின் இரண்டாவது அலை எங்கள் பக்கம் வந்ததும் அந்தச் சொல் கெட்டுப்போனது. அக்கரைப்பற்றில் இத்தனை பேருக்குப் பொசிட்டிவ், அடுத்த தெருவில் ஒருவருக்குப் பொசிட்டிவ் என்று காலை முதல் மாலை வரை அதே கதை. நோயைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அந்த நோயோடு மௌத்தாகிறவர்களைப் புதைக்கக்கூடாது, எந்த மதத்தவராக இருந்தாலும் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் வைத்திருந்தது. மண்ணில் புதைத்தால் நிலத்தடி நீர் வழியே கிருமி பரவும் என்றார்கள். உலகத்தில் அநேக நாடுகளில் புதைக்க விட்டார்கள். மையித்தை எரிப்பது என்பதை எங்கள் ஊரில் யாராலும் வாயால் சொல்லக்கூட முடியவில்லை. "அங்க அனுப்பிடுவாங்க" என்று மட்டும் சொல்வார்கள். எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

அந்த நாட்களில் ஒரு முற்பகல். பாடசாலை மூடிக் கிடந்ததால் நான் உம்மா வீட்டில் இருந்தேன். மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மாவின் போன் அடித்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தா. மறுமுனையில் தங்கச்சி. அவள் அழுவது எனக்கே கேட்டது. உம்மா இரண்டு தடவை "என்ன புள்ள, என்ன புள்ள" என்றா. பிறகு போன் கையிலிருந்து நழுவி மீன் சட்டிக்குள் விழுந்தது.

"தங்கச்சிக்குப் பொசிட்டிவாம்" என்றா.

வாப்பா தொழுகைப் பாயில் இருந்தவர் எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்தார். உம்மா குந்தியபடியே தலையில் கைவைத்து அழத் தொடங்கினா. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா, காரணம் என்னவென்று கேட்டா, அடுத்த நிமிடம் அவவின் கேற் பூட்டப்படும் சத்தம் கேட்டது. நான் என் போனில் தங்கச்சிக்கு எடுத்தேன். மூச்சுத் திணறுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, யார் யாரோடு கதைத்தாய் என்று நான் கேட்கக் கேட்க அவள் பதில் சொல்லாமல் அழுதாள். கடைசியில் சிரித்தாள்.  புத்தி பேதலித்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"ராத்தா, அது இல்ல. வயித்துல இரிக்கி" என்றாள்.

கலியாணம் முடித்துப் பல வருடமாக அவளுக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத டொக்டர் இல்லை, வைக்காத நேர்ச்சை இல்லை. அன்று காலை கல்முனை ரவுணில் ஒரு லெப்பில் சோதித்தபோது, அங்கிருந்த பெண் கடதாசியைப் பார்த்து "பொசிட்டிவ்" என்று சொன்னாளாம். அந்த ஒரு சொல்லையே அவளும் உம்மாவுக்குச் சொன்னாள். வேறு சொல் அவளுக்கு வரவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் உம்மா என்னைச் சந்தேகத்தோடு பார்த்தா. நான் ஏதோ ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்திருக்க வேண்டும். வாப்பாதான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கேற்றடிக்குப் போய், உள்ளே போகாமல் வீதியில் நின்றே செய்தியைச் சொன்னார். மாமி கேற்றைத் திறக்கவில்லை. ஆனால் மதிலுக்கு மேலால் ஒரு கிண்ணத்தில் சீனியை நீட்டினா. அன்று அந்தத் தெருவில் பலர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பல வாரங்கள் கழிந்தன. தங்கச்சிக்கு வாந்தி அதிகமாக இருந்ததால் வாப்பா தினமும் மாங்காயோ புளிப்புத் தோடம்பழமோ தேடிக் கொண்டுபோய், அவளுடைய வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வருவார். உள்ளே போகமாட்டார். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்ற பயம்.

ஒரு நாள் காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாராம். சரிந்து படுத்தார். தம்பி ஓட்டோ பிடித்து வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. உம்மா அவருடைய தலையை மடியில் வைத்துக் கலிமா சொல்லிக்கொடுத்தபடியே ஆஸ்பத்திரி வரை போனா. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு போலத்தான் இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். வாப்பாவுக்கு ஏற்கெனவே இதயத்தில் கோளாறு இருந்தது, அதற்கு மருந்தும் எடுத்தார். ஆகவே அந்த நேரத்தில் எங்களுக்குத் துக்கம் மட்டும்தான் இருந்தது. தம்பி பள்ளிவாசலுக்குப் போன் பண்ணி, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொல்லிவிட்டான். கபுறு வெட்டும் ஆட்களும் மையவாடிக்குப் போய்விட்டார்கள். வாப்பா மக்காவுக்கு உம்றா போனபோது வாங்கிவந்த, மையித்துக்கு உடுத்தும் கபன் துணியை அலுமாரியிலிருந்து எடுத்து வைக்கும்படி உம்மா வீட்டுக்குச் சொல்லி அனுப்பினா.

அதன்பிறகுதான் ஒரு தாதி வெளியே வந்து, மையித்தை இப்போது தரமுடியாது என்றாள். ஆஸ்பத்திரிக்கு வரும்போதே உயிர் இல்லாதவர்கள் எல்லோரையும் பிசிஆர் சோதனை செய்யவேண்டும், முடிவு வந்த பிறகுதான் தருவோம் என்று மெதுவாகச் சொன்னாள். அவளுடைய முகத்தில் எந்தக் கடுமையும் இல்லை. எங்கள் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

பிணவறைக்குப் பக்கத்தில் வேப்பமரம் ஒன்று நின்றது. அதற்குக் கீழே தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டினா. அவவின் வாயிலிருந்து வந்த துஆ எனக்குக் கேட்டது. "யா அல்லாஹ், நெகட்டிவாக்கித் தா. நெகட்டிவாக்கித் தா." அறபு துஆக்களுக்கு இடையில் அந்த ஆங்கிலச் சொல்லை உம்மா சொல்லிக்கொண்டே இருந்தா. நெகட்டிவாக இருக்கக்கூடாது, அது கெட்ட குணம் என்று நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று நானும் உம்மாவுக்குப் பின்னால் ஆமீன் சொன்னேன். உலகத்தில் அதைவிட நல்ல சொல் ஒன்று எனக்குத் தேவைப்படவில்லை.

அஸர் தாண்டியது. தம்பியின் போன் அடித்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதைக்கிறார் என்று கையால் சைகை காட்டினான். "ஓம் சேர், ஓம் சேர்" என்றான்.  போனைக் காதிலேயே வைத்தபடி என்னிடம் வந்தான். அவன் ஒரு போன் கடை வைத்திருக்கிறான், நாள் முழுவதும் ஆங்கிலச் சொற்களோடு புழங்குகிறவன். என்னை ஒரு சின்னப் பிள்ளை போலப் பார்த்தான்.

"ராத்தா, பொசிட்டிவ் எண்டா இரிக்கி எண்டா, இல்ல எண்டா?"

  அவன் மறுபடியும் அதையே கேட்டான். அவனுக்குத் தெரியும். தெரிந்தது சரியில்லை என்று நான் சொல்லவேண்டும் என எதிர்பார்த்தான். படிப்பிக்கிறவள், அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஏதாவது வைத்திருப்பேன் என்று நம்பினான். உம்மா எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தா. தஸ்பீஹை மடியில் வைத்தா.  தங்கச்சியின் செய்தி வந்த அன்று தெருவுக்கே கேட்கும்படி அழுதவ, இப்போது ஒரு சத்தமும் போடவில்லை.

அதற்குப் பிறகு எங்களை மையித்துக்குக் கிட்டப் போக விடவில்லை. குளிப்பாட்டவில்லை. தொழுவிக்கவில்லை. ஒரு அதிகாரி வந்து, தகனத்துக்குச் சம்மதம் என்று தம்பி கையெழுத்து வைக்கவேண்டும் என்றார். அவரும் எங்கள் ஊர் ஆள்தான். பேனையை நீட்டினார்.

"நான் போட மாட்டன் சேர்" என்றான் தம்பி. "எங்கட வாப்பாவை எரிக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட ஏலா. என்னக் கூட்டிப் பெய்த்து அடைச்சாலும் பரவாயில்ல."

அதிகாரி பேனையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கையெழுத்து இல்லாவிட்டாலும் எரிப்பதற்கு இடமுண்டு என்று முதலில் சொன்னார்கள். பிறகு மேலிடத்தில் கதைக்கவேண்டும் என்றார்கள். கடைசியில், முடிவு வரும்வரை குளிரறையில் வைத்திருப்போம் என்றார்கள். எங்களைப் போலக் கையெழுத்து வைக்காதவர்கள் வேறு ஊர்களிலும் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. மையவாடியில் வெட்டி முடித்திருந்த கபுறை அன்று மாலையே மூடினார்கள். உள்ளே யாரையும் வைக்காமல் ஒரு கபுறை மூடுவதை அதற்கு முன் பார்த்ததில்லை என்று வெட்டியவர்கள் சொன்னார்களாம்.

வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டினார்கள். உம்மாவையும் தம்பியையும் என்னையும் சோதித்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் நெகட்டிவ். வாப்பாவோடு ஒரே பாயில் படுத்து, அவர் குடித்து மீதி வைத்த தேநீரைக் குடித்த உம்மாவுக்கும் நெகட்டிவ். அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த யாரும் வரவில்லை. சோதனை பிழை என்று சொல்லுமளவுக்கு எனக்கு அறிவு இல்லை. 

அந்த நாட்களில் எனக்குத் தூக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. ஒரு பகல் என் பெரிய ஆங்கில அகராதியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். ஏன் தேடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாளெல்லாம் காதுக்குள் இரைந்துகொண்டிருந்த சொல்லை ஒரு தடவை நேருக்கு நேர் பார்க்கவேண்டும் போலிருந்தது.

நல்லது, நம்பிக்கையானது என்ற பொருள் அதற்கு மிகவும் பிந்தித்தான் வந்திருக்கிறது. மருத்துவத்தில் அதற்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. தேடியது இருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளையைத் தேடினால் பிள்ளை. கிருமியைத் தேடினால் கிருமி. அதற்கும் முன்னால் சந்தேகமில்லாதது, உறுதியானது என்று ஒரு பொருள். வாப்பாவின் பற்றரிப் பொருள் மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள் வைத்த பெயர். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது சட்டக்காரர்களின் சொல்லாம். இயற்கையாக உள்ள நீதிக்கு மாறாக, மனிதர்கள் தாங்களாகவே கூடி வைத்த சட்டத்தை அப்படிச் சொன்னார்கள். நான் அந்த வரியைப் படித்துவிட்டு அகராதியைக் கீழே வைத்துவிட்டேன். உம்மா என்ன என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்தேன். வேர் லத்தீன் மொழியில் இருந்தது. வைத்தல், கிடத்துதல் என்று பொருள்.

கிடத்துதல். நான் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒரு மையித்தைக் கபுறுக்குள், தொழும் திசையான கிப்லாவின் பக்கம் முகம் வைத்துக் கிடத்துவதற்கு நாங்கள் சொல்லும் சொல்லும் அதுதான். எத்தனையோ வருடமாகப் படிப்பித்த சொல்லுக்குள் அது இருந்திருக்கிறது. முதல் தடவையாக அன்று அழுதேன். உம்மா வந்து என் தலையைத் தடவினா. அழுகைக்குக் காரணம் அகராதி என்று அவவுக்குத் தெரியாது. 

எரிப்பதை எதிர்த்து நாட்டில் பல இடங்களில் ஆட்கள் வேலிகளில் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். எங்கள் தெருவிலும் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பாண்டிருப்பில் என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சரும் தன் வீட்டுக் கேற்றில் கட்டிவிட்டு எனக்குப் படம் அனுப்பினாள். உம்மா படத்தைப் பார்த்தா. எழும்பி அலுமாரியைத் திறந்தா. வாப்பாவின் கபன் துணியை எடுத்து, ஓரத்தில் பல்லால் கடித்து ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்தா. நான் பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். கபன் துணியைக் கிழிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"விடு மகள்" என்றா. "அவருக்கு இத உடுத்த விட மாட்டாங்க. காத்துலயாவது ஆடட்டும்."

தானே போய்க் கேற்றில் கட்டினா.

வாரங்கள் மாதமாகி, மாதங்கள் நீண்டு, ஒரு நாள் புதைக்கலாம் என்று அறிவித்தார்கள். ஆனால் எங்கள் ஊர் மையவாடியில் அல்ல. மட்டக்களப்புக்கு அப்பால், ஓட்டமாவடிப் பக்கத்தில் ஒதுக்கிய ஒரு நிலத்தில் மட்டும். தம்பிதான் போனான். ஆஸ்பத்திரியிலிருந்து வாகனம் கிளம்பும்போது இங்கே பெண்கள் எல்லோரும் தெருவில் இறங்கி நின்றோம். தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு அப்போது மாதம் நிறைய ஆகியிருந்தது. வாகனம் எங்கள் தெருவால் வரவில்லை, பிரதான வீதியால் போய்விட்டது. அது போய்விட்டதென்று பிறகுதான் கேள்விப்பட்டோம்.

தம்பி திரும்பி வந்து சுருக்கமாகச் சொன்னான். தலை முதல் கால்வரை மூடிய உடுப்புப் போட்டவர்கள் இறக்கினார்கள். பெட்டி திறக்கப்படவில்லை. தூர நின்று தொழுதார்கள். இராணுவத்தினர் நின்றார்கள், மரியாதையாகத்தான் நடந்தார்கள். மண் தள்ள மெஷின் வந்தது. அவன் தன் கையால் மண்போடக் கேட்டானாம், ஒரு பிடி போட விட்டார்களாம். "குளிர்ல இரிந்து எடுத்த பெட்டி ராத்தா, வெயில்ல வெச்சதும் வேர்த்துச்சி" என்றான். 

தங்கச்சிக்கு ஆண் பிள்ளை கிடைத்தது. சுகமாக இருக்கிறான், இப்போது ஓடித் திரிகிறான். பாடசாலை திறந்த அன்று நான் சுவரில் இருந்த படத்தைக் கழற்றவில்லை. கழற்றினால் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். பாடம் வந்தபோது, இந்தச் சொல்லுக்கு நிறையப் பொருள் இருக்கிறது, இடத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன்.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு உம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனோம். காலையில் வேன் பிடித்து, மட்டக்களப்பைத் தாண்டி, பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பிச் செம்மண் பாதையில் போகவேண்டும். யானை நடமாடும் காட்டுப்புறம். உம்மா வழியெல்லாம் யாசீன் ஓதிக்கொண்டு வந்தா. வாப்பாவுக்குச் சொல்லவேண்டிய கதைகளை, பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கியது வரைக்கும், மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தா என்று நினைக்கிறேன். வாப்பா ஒருவர் மட்டும் அங்கே தனியாகக் கிடக்கிறார் என்ற எண்ணம்தான் எனக்கும் இருந்தது.

வேன் நின்றது. உம்மா இறங்கி முக்காட்டைச் சரிசெய்து நிமிர்ந்து பார்த்தா. முன்னால் மண்மேடுகள். வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் இலக்கமிட்ட கல். வலது பக்கம் பார்த்தா, அங்கேயும். இடது பக்கம், மரங்கள் தொடங்கும் இடம்வரைக்கும். எவ்வளவு பேரை அங்கே கொண்டுவந்தார்கள் என்று செய்தியில் கேட்டிருந்தோம், ஆனால் கேட்டது வேறு. உம்மா காலை முன்னே வைக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தா.

"இவ்வளவு பேரா மகள்?"

ஓம் என்றேன்.

தம்பி இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து முன்னால் நடந்தான். வாப்பாவின் கல்லைக் காட்டினான். பக்கத்து மேட்டருகே ஒரு பெண் குந்தியிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தா. மூதூரிலிருந்து வந்ததாகச் சொன்னா, அங்கே கிடப்பது அவவுடைய மகன். உம்மா அவவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தா.  கொஞ்ச நேரத்தில் உம்மாவும் கையை நீட்டி, அந்த மகனுடைய மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினா.